வெயிலுக்குத் தொப்பி, டவருக்கு?

தேயிலைச் சரிவில் புதிதாக ஒரு மொபைல் டவர் எழுந்து நிற்கிறது. லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்கிறார்: "இது வந்ததிலிருந்து எனக்குத் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது கண்ணு. எல்லாம் கதிர்வீச்சு." டவர் வேலைக்கு வந்த அண்ணனோ, "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது பாட்டி" என்று சிரித்துவிட்டு ஜீப் ஏறிப் போய்விடுகிறார்.

நடுவில் நிற்பது நீ. யார் சொல்வது சரி?

பாட்டி பெரியவர் என்பதால் நம்பிவிடாமல், அண்ணன் படித்தவர் என்பதால் தலையாட்டிவிடாமல், "இதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறாய் பார், சபாஷ்! வா, இரண்டு பேர் சொல்வதையும் சோதித்துப் பார்ப்போம்.

கதிர்வீச்சு என்றதும் அணுகுண்டு ஞாபகம் வரும். ஆனால் இந்தப் பக்கத்தை நீ படிக்க உதவும் வெளிச்சமும் கதிர்வீச்சுதான். அடுப்பு முன்னால் கையை நீட்டினால் கதகதப்பாக இருக்கிறதே, அதுவும்தான். இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். ஊட்டிக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு படுத்திருக்கும் நீயும் இரவெல்லாம் கதிர்வீசிக்கொண்டிருக்கிறாய்! நம் உடம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர் ஓயாமல் வெளியேறுகிறது. கொரோனா நாட்களில் பள்ளி வாசலில் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டினார்களே, அது அந்தக் கதிரைத்தான் அளந்தது.

வெளிச்சம், அகச்சிவப்பு, ரேடியோ, மொபைல் அலை, எக்ஸ் கதிர் எல்லாம் ஒரே குடும்பம். மின்காந்த அலைகள் என்று பெயர். வெற்றிடத்தில் எல்லாமே ஒரே வேகத்தில்தான் ஓடும், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். பிறகு எதில்தான் வேறுபாடு? அலையின் நீளத்தில். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்தான் அது.

ஜியாமெட்ரி பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் பெரிய ஸ்கேலை எடு, 30 சென்டிமீட்டர் ஸ்கேல். 900 மெகாஹெர்ட்ஸில் பேசும் மொபைல் போனின் அலை அதைவிட மூன்று சென்டிமீட்டர்தான் கூடுதல். மைக்ரோவேவ் அடுப்புக்குள் சுற்றும் அலை சுமார் 12 சென்டிமீட்டர். நம் வீட்டு மின்கம்பியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் அலைநீளம் உண்டு. எவ்வளவு தெரியுமா? 6,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்பி வரும் தூரம்!

மறுபக்கம் பார்த்தால் சுருங்கிக்கொண்டே போகும். நாம் பார்க்கும் ஒளியின் அலை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புற ஊதா அதைவிடக் குட்டி. எக்ஸ் கதிரின் அலை ஓர் அணுவின் அளவுதான்.

நீளமான அலைதான் பொல்லாதது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அலை குட்டியாக ஆக, அதன் அடி பலமாகும்.

இங்கே கொஞ்சம் நிதானமாக வா. இதுதான் இன்றைய பாடத்தில் முக்கியமான இடம்.

குன்னூர்ப் பக்கம் கொல்லையில் பேரிக்காய் மரம் பார்த்திருப்பாய். உச்சிக் கிளையில் ஒரு காய் தொங்குகிறது. உன் கையில் காகித உருண்டைகள். ஒன்றை எறி, விழாது. நூறு எறி. நாள் முழுக்க எறி. இலை ஆடும், காய் விழாது. இப்போது ஒரே ஒரு கல்லை எடுத்துக் குறி பார்த்து எறி. தொப்! ஆக, எத்தனை தடவை எறிந்தாய் என்பது பெரிதில்லை. ஒரு எறிக்குக் காம்பை அறுக்கும் பலம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

மின்காந்த அலையும் இப்படித்தான் ஆற்றலைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவருகிறது. 1905-இல் இதைச் சொன்னவர் ஐன்ஸ்டைன். 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் முக்கியமாக இதை வைத்துத்தான். சார்பியல் கொள்கைக்குத்தான் கிடைத்தது என்று உன் நண்பன் பந்தயம் கட்டினால், தைரியமாக எதிர்ப் பந்தயம் கட்டு.

நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.தான் அந்தப் பேரிக்காய் மரம். அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகள் காம்புகள். அவற்றைக் குலைக்க ஒரு பொட்டலத்தில் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது இருக்க வேண்டும். எலக்ட்ரான் வோல்ட் என்பது இவ்வளவு சின்ன ஆற்றலை அளக்க விஞ்ஞானிகள் வைத்திருக்கும் அலகு. வெயிலில் வரும் கடுமையான புற ஊதாப் பொட்டலத்தில் சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. எக்ஸ் கதிரில் பல ஆயிரம். அதனால்தான் எக்ஸ்ரே எடுப்பவர் பட்டனை அமுக்கும்போது தடுப்புக்குப் பின்னால் போய் நிற்கிறார்.

மொபைல் போனின் பொட்டலத்தில்? ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போடு. அதில் நாலு கூறு. அவ்வளவுதான்.

புரிந்ததா? சோதித்துப் பார்க்கிறேன். டவர் ஒன்றுக்குப் பதில் பத்து வைத்தால் என்ன ஆகும்? யோசி... ஆமாம், காகித உருண்டைகள் பத்து மடங்கு பறக்கும். ஆனால் ஒவ்வோர் உருண்டையின் பலமும் பழையபடியேதான். கெட்டிக்காரி! (கெட்டிக்காரன் என்றும் படித்துக்கொள்ளலாம்.)

இதோடு நிறுத்திவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். பிணைப்பைக் குலைக்க முடியாத இந்த அலைகளுக்கு இன்னொரு வேலை தெரியும். சூடாக்குவது. மைக்ரோவேவ் அடுப்பில் பால் கொதிப்பது இப்படித்தான். அங்கே 800 வாட் அளவு சக்தியை ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் அடைத்துவைக்கிறார்கள். உன் வீட்டு 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது சுமார் 0.2 வாட். அதையும் எல்லாப் பக்கமும் சிதறவிடுகிறது.

சூடு அளவு மீறக் கூடாது என்பதற்காகத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் வீதம் உடம்பு முழுவதும் உறிஞ்சினால் உடல் வெப்பம் ஏறும் என்று விலங்குகளிடம் செய்த சோதனைகளில் தெரிந்தது. பொதுமக்களுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும் என்று உலக அளவில் வரம்பை நிறுத்தினார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் டவர்களுக்கான வரம்பு அந்த உலக வரம்பிலும் பத்தில் ஒரு பங்கு.

போனுக்கும் வரம்பு உண்டு. தலையிலும் உடம்பிலும் ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் உறிஞ்சப்படக் கூடாது. அப்பாவின் போனைக் கேட்டு வாங்கி *#07# என்று அழுத்திப் பார். பல போன்களில் அந்தப் போனின் அளவு திரையில் வரும். எவ்வளவு வருகிறது என்று நோட்டில் எழுதிவை. போனை மறக்காமல் திருப்பிக் கொடு!

டவர் விஷயத்தில் தூரம் ரொம்ப முக்கியம். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அலையின் வலிமை நாலில் ஒரு பங்காகும். பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறில் ஒரு பங்கு. போனோ காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் நம் உடம்புக்குள் போகும் மொபைல் அலையில் பெரும்பகுதி வருவது தூரத்தில் நிற்கும் டவரிலிருந்து இல்லை. கையில் இருக்கும் போனிலிருந்துதான்.

மலையில் வாழும் உனக்கு இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் எஸ்டேட்டில் அம்மா, "டவரே கிடைக்கல" என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவாரே, பார்த்திருக்கிறாயா? சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது, எட்டாத டவரை எட்டிப் பிடிக்க அந்தப் போன் தன் முழுச் சக்தியையும் போட்டு அலை அனுப்பும். டவர் பக்கத்தில் இருந்தால் அடக்கிவாசிக்கும். இரண்டு நிலைக்கும் நடுவில் ஆயிரம் மடங்குக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கலாம். அப்படியானால், பாட்டி பயப்படும் டவர் கிட்டே வந்தால், காதில் வைத்திருக்கும் போன் கக்கும் அலை குறையும்! எனக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

டவர் அண்ணனிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் டவர் உயரமாக நிற்கும், வீடுகள் கீழே இருக்கும். டவரில் இருக்கும் ஆன்டெனா அலைகளை எதிரே தூரத்துக்கு அனுப்பும், நேர் கீழே கொஞ்சம்தான் வரும். நீலகிரியில் அப்படியா? கீழ்ச் சரிவில் டவர், மேல் சரிவில் வீடு. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே உன் வீட்டு ஜன்னலே வந்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் "ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது, அளந்து காட்ட வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 'தரங் சஞ்சார்' என்ற இணையதளம் வைத்திருக்கிறது. உன் ஊர் டவரின் விவரத்தை அதில் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் வந்து அளந்தும் கொடுப்பார்கள். கேட்பது நம் உரிமை.

சரி, பாட்டியின் தலைவலி? அது பொய்யா?

இல்லவே இல்லை. வலிக்கிறது என்றால் வலிக்கத்தான் செய்கிறது. டவரால்தான் வலிக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை எப்படிச் சோதிப்பாய்? ஒரு நிமிஷம் கண்ணை மூடி நீயே ஒரு சோதனையை யோசித்துப் பார்.

யோசித்தாயா? பிரிட்டனில் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது இது. அதன் முடிவு 2007-இல் வெளியானது. டவர் அலை பட்டால் உடம்பு படுத்துகிறது என்று சொல்பவர்களையும், அப்படி எதுவும் இல்லாதவர்களையும் அழைத்தார்கள். முதலில் "இப்போது அலை வருகிறது" என்று சொல்லிவிட்டே அனுப்பினார்கள். முதல் கூட்டத்தாருக்கு உடம்பு படுத்தியது. அடுத்து, அலை வருகிறதா இல்லையா என்று யாருக்கும் சொல்லவில்லை. சோதனை நடத்துபவருக்கும் தெரியாதபடி ஏற்பாடு. இப்போது அலை இருந்தபோதும் இல்லாதபோதும் அவர்களுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. அலை எப்போது வருகிறது என்று அவர்களால் சொல்லவும் முடியவில்லை.

பயமே தலைவலியைக் கொண்டுவரும், கண்ணு. பரீட்சை அன்று காலையில் உனக்கு வயிறு கலக்குவது நடிப்பா? அதனால் பாட்டியிடம் போய் "சும்மா சொல்றீங்க" என்று சொல்லிவிடாதே. ரத்த அழுத்தம் பார்த்தீர்களா, கண்ணாடி பழசாகிவிட்டதா, ராத்திரி தூங்கினீர்களா என்று கேள். டவர்மேல் பழியைப் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். எனக்கு அதுதான் கவலை.

இனி உன்னை ஒரு அதிசயமான இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர். அங்கே ஒரு மலைச்சரிவில், வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய கம்பித் தொட்டில் படுத்திருக்கும். அகலம் 30 மீட்டர். அதுதான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியும் அவருடைய இளம் குழுவினரும் கட்டியது. 1970-இல் வேலைக்கு வந்தது.

ஏன் அந்தச் சரிவு? அதன் சாய்வு சுமார் 11 டிகிரி. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறது? அதுவும் சுமார் 11 டிகிரி! அதனால் அந்தச் சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் தொலைநோக்கி, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு வான் பொருளைத் தொடர்ந்து பல மணி நேரம் பார்க்கலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய மூளையை என்னவென்று சொல்ல!

கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் கண்ணாடி எதுவும் இருக்காது. தகடுகூட இல்லை. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான். நடுவில் இடைவெளி. அதன் வழியாக வானம் தெரியும், மூடுபனி நுழைந்து போகும். ஆனால் அது பிடிக்கும் ரேடியோ அலை 92 சென்டிமீட்டர் நீளம். அந்த அலைக்குக் கம்பி இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பளபளப்பான சுவரில் மோதியதுபோல் திரும்பிவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பொடிப்பொடியாக ஓட்டைபோட்ட ஓர் உலோக வலை இருக்கிறதே, அதிலும் இதே கதைதான். 12 சென்டிமீட்டர் அலை அந்தப் பொடி ஓட்டை வழியே வெளியே வர முடியாது. ஒளியின் அலை குட்டி, அதனால் அது வெளியே வருகிறது, உள்ளே பால் பொங்குவது உனக்குத் தெரிகிறது.

இதுபோன்ற தொலைநோக்கிகள் பிடிக்கும் அலை எவ்வளவு பலவீனம் தெரியுமா? நிலாவில் ஒரு மொபைல் போனை வைத்துப் பேசினால், ரேடியோ வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் பொருட்களின் வரிசையில் அந்தப் போனும் சேர்ந்துவிடும். அதனால்தான் ரேடியோ தொலைநோக்கி இருக்கும் இடங்களில் போனை அணைக்கச் சொல்கிறார்கள். உன் உடம்புக்காக இல்லை, தொலைநோக்கியின் காதுக்காக!

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அதில் 1998-லிருந்து எப்போதாவது ஒரு வினோதச் சமிக்ஞை வந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து வருகிறதா, பூமியிலிருந்தா? பல வருஷம் மண்டையைக் குடைந்தார்கள். 2015-இல்தான் குட்டு உடைந்தது. அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு! நேரம் முடிவதற்குள் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால், அடுப்பு அணையும் அந்த ஒரு கணத்தில் துளி அலை கசிந்திருக்கிறது. சாப்பிட அவசரப்பட்டவர் யார் என்று மட்டும் வெளியே சொல்லவில்லை.

உயர் அழுத்த மின்கம்பிக்கும் வருவோம். பைக்காரா மின் நிலையம் 1932-இலேயே ஓடத் தொடங்கியது, பிறகு குந்தா வந்தது. அதனால் நம் தேயிலைக்கு மேலே கம்பிகள் போவது இங்கே பழகிய காட்சி. மூடுபனி நாளில் அடியில் நின்றால் "ஸ்ஸ்ஸ்" என்று பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கேட்டவர்கள் கதிர்வீச்சு என்று பயப்படுவார்கள். அது கம்பியை ஒட்டியுள்ள காற்றில் மின்சாரம் துளித்துளியாகக் கசியும் சத்தம். ஈரத்தில் அதிகமாகும். அங்கே உண்மையான ஆபத்து ஷாக்தான். இரும்புக் குழாய், பட்டம், நீளமான துறட்டி எதையும் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகாதே. இதில் விளையாட்டே வேண்டாம்.

'2.0' படம் பார்த்திருப்பாய். 2018-இல் வந்தது. டவர்களால் பறவைகள் சாகின்றன என்று பக்ஷிராஜன் பொங்கி எழுவாரே! படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 2020-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையைப் பார்த்தால், நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவிகள் ஏறக்குறைய நிலையாகவே இருக்கின்றன. பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கின்றன. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இல்லை, கூடு கட்டப் பொந்து இல்லை. டவர்தான் காரணம் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடைக்கவில்லை.

"ஆனா மாமா, போன் புற்றுநோய் தரலாம்னு உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கே?" என்று உன்னைப் போன்ற துடியான ஒரு வாசகர் கேட்பார். நல்ல கேள்வி. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு பிரான்ஸில் லியோன் நகரில் இருக்கிறது. 2011 மே மாதம் அது மொபைல் அலைகளை '2பி' என்ற பிரிவில் வைத்தது. 'ஒருவேளை இருக்கலாம், ஆதாரம் போதாது' என்று பொருள்.

அதற்கு மேல்படி '2ஏ', 'அநேகமாக இருக்கலாம்'. அதில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள்! 2016-இல் சேர்த்தார்கள். நம் ஊர்க் குளிரில் ஆவி பறக்க ஒரே மடக்கில் டீ குடிக்கும் தாத்தாவிடம் மெதுவாகச் சொல். டீயின் மேல் குற்றமில்லை, தொண்டையைச் சுடும் சூட்டின் மேல்தான். கொஞ்சம் ஆற்றிக் குடித்தால் போதும்.

அதற்கும் மேல்படி, 'சந்தேகமே இல்லை' என்ற முதல் பிரிவு. அதில் நம் சூரிய ஒளி உட்கார்ந்திருக்கிறது. இந்தப் படிகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்பவை, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளாதே. பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

2011-க்குப் பிறகு ஆராய்ச்சி நிற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். முடிவு 2024-இல் வந்தது. மொபைல் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பேசுபவர்களிடமும் தெரியவில்லை. போனால் உனக்கு வரக்கூடிய தொல்லை வேறு: தூக்கம் கெடும், கண் களைக்கும். எஸ்டேட் பாதையில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால், வளைவில் நிற்கும் காட்டெருமை தெரியாது!

இப்போது சூரியனுக்கு வா. கல்லெறியும் ஆள் அவர்தானே?

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறாய். ஏற ஏறக் குளிர்கிறது. குன்னூரில் ஸ்வெட்டர் எடுக்கிறாய். உயரம் கூடக் கூடப் புற ஊதாவும் கூடிக்கொண்டே போகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீதம் அதிகம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே புறப்பட்ட இடத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல் புற ஊதா உன் மூக்கில் விழுகிறது. ஆனால் குளிர் காற்று அடிப்பதால் உனக்குத் தெரியாது. நாம் உணரும் சூடு வேறு, புற ஊதா வேறு. புற ஊதா தோலைச் சுட்ட பிறகுதான் நமக்கு விஷயமே தெரியும். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வந்துவிட்டு, "குளிராத்தானே இருந்துச்சு, எப்படிக் கருத்தேன்?" என்று வியப்பவர்கள் எத்தனை பேர்! மெல்லிய மேகம் இருந்தாலும் புற ஊதாவில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும்.

நம் தோலின் கருநிறம் நல்ல காவலாளி. தோல் புற்றுநோயிலிருந்து நம்மை நிறையக் காக்கிறது. கண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. வருஷக்கணக்காகப் படும் புற ஊதா, கண்புரை வர ஒரு காரணம். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் அம்மாக்களை நினைத்துப் பார். தலையில் துணி கட்டுகிறார்கள், கண்ணுக்கு என்ன செய்கிறார்கள்? டவருக்கு எதிராக மனு எழுதும் பெரியவர்கள், அகலமான விளிம்பு வைத்த தொப்பி கேட்டும் ஒரு மனு எழுதலாம் என்பது என் ஆசை. வெயிலே ஆகாது என்று நினைத்துவிடாதே. வைட்டமின் டி-க்குக் கொஞ்சம் வெயில் வேண்டும். உச்சி வேளையில்தான் கவனம்.

வானத்திலிருந்து நமக்கு வேறொன்றும் வருகிறது. காஸ்மிக் கதிர். இது அலை இல்லை, துகள். ஊட்டியிலேயே இதற்கென்று ஒரு ஆய்வுக்கூடம், 'கிரேப்ஸ்-3'. காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்களில் ஒரு வகை மியூவான். அங்கே இருக்கும் கருவி ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான் துகள்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஓர் இடிமேகம் மேலே வந்தபோது எண்ணிக்கை குறைந்தது. அதை வைத்தே அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள்! இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் மியூவான்கள் உன் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. மனிதர்கள் தோன்றிய நாளிலிருந்து இப்படித்தான்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம், பள்ளி மைதானத்தில் காலை 9 மணிக்கும், பகல் இடைவேளையிலும், மாலை 4 மணிக்கும் உன் நிழலை அளந்து எழுது. நிழல் உன்னைவிட நீளமாக இருந்தால் புற ஊதா குறைவு, ஓடி விளையாடு. உன்னைவிடக் குட்டையாக இருந்தால் தொப்பி போடு, இல்லையென்றால் மர நிழலில் விளையாடு.

வருஷத்தில் இரண்டு நாள் நிழல் முழுசாகக் காலடியில் ஒளிந்துகொள்ளும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்கள் அவை. ஊட்டியில் அது ஏப்ரல் 20-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் வரும். ஆகஸ்டில் மழைமேகம் வந்து கெடுக்கும், அதனால் ஏப்ரலை நம்பு. நேரான ஒரு தண்ணீர் பாட்டிலைச் சமமான தரையில் நிறுத்தி வைத்துக் காத்திரு. ஆனால் சரியாக 12 மணிக்கு நிழல் மறையாது. சுமார் 12.20 வரை பொறுக்க வேண்டும். கடிகாரம் 12 காட்டும்போது உச்சிக்கு வராமல் நம் ஊருக்குச் சூரியன் ஏன் இருபது நிமிடம் தாமதமாக வருகிறது? பூகோளப் புத்தகத்தில் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரைத் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.